வயலோரத்தில் ஒரு மணிநேரம்: திருகோணமலையில் சிறிய தைலவண்ண ஓவியம் தொடங்குவோருக்கு

வயலையும் குளத்தையும் தைலவண்ணத்தில் வரைய வேண்டும் என்ற ஆசை திருகோணமலையில் பலருக்கு உண்டு. பள்ளிக்கூடத்தில் சித்திரம் படித்தவர்கள், அப்புறம் வேலை, பிள்ளைகள், ரியூஷன் என்று பெட்டியை மூடி வைத்தவர்கள். கேட்டால் நேரம் கிடைப்பதில்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் எப்போதாவது கிடைக்கிற அந்த ஒரு மணிநேரமும் எப்படிப் போகிறது என்று பாருங்கள். பாதி நேரம் சாமான் தேடுவதில் போகும், மீதி நேரம் எதை வரைவது என்று யோசிப்பதில் போகும். இந்த இரண்டு வேலையையும் வேறு நாட்களுக்குத் தள்ளிவிட்டால், வரையும் நேரம் முழுவதும் வரைவதற்கே கிடைக்கும். அதை எப்படிச் செய்வது என்று கீழே சொல்கிறேன். ஒயில் பெயின்ட்டை இதுவரை தொடாதவரை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

முதலில் அளவைச் சின்னதாக்குங்கள்

6×8 அங்குலம். தொடக்கத்தில் இதைவிடப் பெரிய பலகையை எடுக்க வேண்டாம். வெளியில் வரையும்போது வெளிச்சம் நமக்காக நிற்காது. சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. வரம்பின் நிழல் ஒரு மணிநேரத்தில் இடம் மாறி, நீளம் மாறி, நிறமும் மாறிவிடும். அந்த நேரத்துக்குள் முழுப் பரப்பையும் மூடி முடிக்கக்கூடிய அளவு இதுதான். பெரிய கன்வஸில் தொடங்கினால் மூன்றாம் நாள் போகும்போது வானம் வேறு, வயல் வேறு. படம் பாதியில் நின்று அலுமாரிக்குப் பின்னால் போய்ச் சேரும்.

சின்னப் படம் என்றால் பயிற்சிக்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். ஆங்கில ஓவியர் ஜோன் கொன்ஸ்டபிள் 1821, 1822 ஆம் ஆண்டுகளில் லண்டனுக்கு அருகே ஹம்ஸ்டெட்டில் வானத்தையும் மேகத்தையும் சின்னச் சின்னத் தைலவண்ணப் படங்களாக வரைந்து தள்ளினார். பலவற்றின் பின்பக்கத்தில் திகதி, நேரம், காற்றடித்த திசை எல்லாம் எழுதி வைத்தார். இந்தப் பழக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் 1943 இல் கொழும்பில் தொடங்கிய 43 குழுவின் ஓவியர்களில் ரிச்சட் கேப்ரியல் கிராமத்து மனிதர்களையும் மாடுகளையும் வாழ்நாள் முழுவதும் வரைந்தவர். வயலும் எருமையும் ஓவியத்துக்குப் போதுமா என்று யாராவது கேட்டால் அவருடைய படங்களைக் காட்டலாம்.

கிழமையை எப்படிப் பிரிப்பது

தினமும் வரைவேன் என்று சபதம் எடுக்க வேண்டாம். வேலைக்குப் போகிறவரால் முடியாது. இரண்டாம் கிழமையே மனம் சோர்ந்துவிடும். கிழமைக்கு ஒரு விடியற்காலை வெளியில், இரண்டு இரவு அரைமணி வீட்டில். இவ்வளவுதான். எந்த நாள் என்பதை முதலே முடிவு செய்து வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். சனிக்கிழமை காலை ஆறு முதல் எட்டு வரை நான் இல்லை என்று தெரிந்துவிட்டால், அந்த நேரத்துக்குச் சந்தைக்குப் போகும் வேலை உங்கள் தலையில் விழாது. சனிக்கிழமை வேலை உள்ளவர்களுக்கு ஞாயிறு இருக்கிறது, மாதம் தவறாமல் ஒரு போயா விடுமுறையும் இருக்கிறது.

இரண்டு இரவுகளில் முதலாவது தயாரிப்புக்கு. பலகைக்கு வெள்ளை பூசுவது, பிரஷ் பார்ப்பது, பையை அடுக்குவது. இரண்டாவது இரவு எங்கே போகப் போகிறோம், என்ன வரையப் போகிறோம் என்று தீர்மானிக்க. வேலைக்குப் போகும் வழியில் பஸ் யன்னலால் பார்த்த ஒரு பனைக்கூட்டம், ஒரு மடு, ஒரு வாடி, இப்படி எதையாவது சின்னக் கொப்பியில் பென்சிலால் தீப்பெட்டி அளவுக்குக் கீறி வைத்திருப்பீர்கள் அல்லவா, அவற்றில் ஒன்றைத் தேர்ந்து எடுங்கள். சனிக்கிழமை காலையில் தேர்வு செய்யக் கூடாது. போனோம், இருந்தோம், வரைந்தோம் என்று இருக்க வேண்டும்.

வீட்டில் ஒரு மூலை நிரந்தரமாக வேண்டும். குசினி மேசையில் விரித்து, சாப்பாட்டு நேரம் வந்ததும் எடுத்து மடக்குவது என்றால் மாதம் ஒன்று தாண்டாது. விறாந்தையில் ஒரு ஸ்ரூலும் ஒரு பழைய பலகையும் போதும், ஆனால் அவை அங்கேயே இருக்க வேண்டும்.

சாமான்கள்

ஆறு ரியூப் போதும்: டைட்டேனியம் வைற், லெமன் யெலோ, யெலோ ஓக்கர் (மண் மஞ்சள்), பேர்ன்ட் சியன்னா (செம்மண் நிறம்), அலிசரின் கிரிம்சன் (அடர் சிவப்பு), அல்ட்ராமரின் புளூ (அடர் நீலம்). வெள்ளை மட்டும் பெரிய ரியூப்பாக வாங்குங்கள், அதுதான் முதலில் முடியும். பழைய வகை அலிசரின் வெளிச்சத்தில் மங்கிப்போகும். ‘பெர்மனென்ட்’ என்று போட்டிருப்பதைப் பார்த்து எடுங்கள். பச்சை ரியூப் வாங்காதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். கறுப்பும் தேவையில்லை, அல்ட்ராமரினும் பேர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தால் கறுப்பைவிட உயிருள்ள இருட்டு கிடைக்கும்.

பன்றி மயிர்ப் பிரஷ் தட்டையாக இரண்டு, மெல்லிய பிரஷ் ஒன்று, நிறம் கலக்கும் பலெட் கத்தி ஒன்று. பலகைக்கு ஹார்ட்வெயார் கடையில் ஹார்ட்போர்ட் வாங்குங்கள். 8×4 அடித் தகடு ஒன்றில் கணக்குப்படி 6×8 அங்குலத் துண்டுகள் 96 வரும். வாள் தின்பது கொஞ்சம் போனாலும் ஒரு வருடத்துக்கு மேல் தாங்கும். தச்சரிடம் கொடுத்து வெட்டுவித்து, ஓரத்தை உரக்கடதாசியால் தேய்த்து, அக்ரிலிக் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சை இரண்டு முறை பூசுங்கள். சுவருக்கு அடிக்கும் எமல்ஷனைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். பழகுவதற்குச் சரி, ஒருவருக்குக் கொடுக்க நினைக்கும் படத்துக்கு ஜெஸ்ஸோதான் நல்லது. காய்ந்ததும் வெள்ளையை அப்படியே விடாமல் பேர்ன்ட் சியன்னாவைக் கொஞ்சம் டர்பன்டைனில் (ஒயில் பெயின்ட்டை நீர்க்க வைக்கும் திரவம்) கரைத்துத் துணியால் மெல்லப் பூசித் துடைத்துவிடுங்கள். அந்தச் செம்மண் நிறம் வயல் பச்சைக்கு அடியில் இருந்து ஆங்காங்கே எட்டிப் பார்க்கும்போது படத்துக்கு ஒரு சூடு வந்துவிடும்.

எண்ணெயைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஒயில் பெயின்ட் தண்ணீர் வற்றுவதுபோல் வற்றிக் காய்வதில்லை. அதில் உள்ள லின்சீட் ஒயில், அதாவது ஆளிவிதை எண்ணெய், காற்றிலிருந்து ஒட்சிசனை எடுத்து இறுகுகிறது. தேங்காய் எண்ணெய்க்கு அந்தக் குணம் கிடையாது. வீட்டில் இருக்கிறதே என்று பெயின்ட்டில் தேங்காய் எண்ணெய் கலந்தால் அந்தப் படம் சரியாகக் காயவே காயாது. பிரஷ் கழுவுவதற்கு மட்டும் தேங்காய் எண்ணெய் அருமையானது. அதில் பிரஷைத் துடைத்தெடுத்து, பிறகு சவர்க்காரம் போட்டு எண்ணெய் முழுக்கப் போகும்வரை கழுவினால் வீட்டுக்குள் டர்பன்டைன் மணமே இருக்காது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இதையே செய்யுங்கள்.

எங்கே, எப்போது

நம் மாவட்டத்தில் வயலுக்கென்று ஓரிடம் சொல்லச் சொன்னால் நான் தம்பலகாமத்தைத்தான் சொல்வேன். நகரத்திலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீற்றர். கந்தளாய்க் குளத்து நீர் பாய்வதால் பெரும்போகம், சிறுபோகம் இரண்டிலும் வேளாண்மை நடக்கும். மழையை நம்பிய மானாவாரிக் காணிகளில் ஒரு போகம்தான். ஐப்பசி, கார்த்திகை மழையோடு விதைப்பு, மார்கழியில் தண்ணீருக்கு மேல் மெல்லிய பச்சை, தையில் அடர்த்தி, மாசி, பங்குனியில் மஞ்சள், அறுவடை, அப்புறம் ஒட்டில் மாடுகள். ஒரே வரம்பில் ஒரே இடத்தில் நின்று வருடம் முழுக்க வரைந்தாலும் ஒரு படம்போல் இன்னொன்று வராது. தொடங்குகிறவருக்கு நான் சொல்வதும் அதுதான்: ஊரூராக அலையாமல் ஓரிடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். இடம் பழகினால் யோசிக்கும் நேரம் மிச்சம்.

அவ்வளவு தூரம் முடியாதவர்களுக்குச் சாம்பல்தீவுப் பக்கத்துக் களப்பும் கன்னியாப் பக்கமும் கிட்ட. எருமை வரைய வேண்டும் என்றால் மூதூர், கிண்ணியாப் பக்கம் போக வேண்டும். நாம் தயிர் முட்டி வாங்குவது அந்தப் பட்டிகளின் புண்ணியத்தில்தான். நிலாவெளி உப்பளத்தை வெயில் மாதங்களில் பாருங்கள். வெள்ளை, சாம்பல், வெளிறிய ஊதா என்று மூன்றே நிறத்தில் முழுப் படமும் முடிந்துவிடும், பச்சையோடு மல்லுக்கட்டிக் களைத்தவருக்கு நல்ல ஆறுதல்.

நேரம் விடியற்காலைதான். வருடம் முழுவதும் இங்கே சூரியன் ஆறு மணிக்குச் சற்று முன்பின்னாக எழுகிறது. ஆறேகால் முதல் ஏழரை வரை நிழல் நீளமாக, நிறம் தெளிவாக இருக்கும். ஒன்பது மணிக்குப் பிறகு வயல் தட்டையாகிவிடும், உங்களுக்கும் தலை சுடும். மாலை ஐந்து மணியும் நல்லதுதான், ஆனால் வேலை முடிந்து வந்த களைப்பில் அது தொடர்ந்து நடப்பதில்லை. ஆனி, ஆடியில் கச்சான் காற்று பலமாக அடிக்கும். மரத்துக்குப் பின்னால் தாழ்வாக இருந்து வரையுங்கள்.

போகுமுன் அந்த ஊர்க்காரரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். யானை நடமாட்டம் உண்டா என்பது முதலாவது. கந்தளாய், வெருகல், திரியாய்ப் பக்கங்களில் விடியப்புறமும் மம்மல் நேரமும் கவனம் தேவை. இரண்டாவது, நிற்கலாமா என்பது. பலகையும் முக்காலியுமாக ஒருவர் வரம்பில் நின்றால் நில அளவையாளர் என்றுதான் நினைப்பார்கள்.

“தம்பி, காணி அளக்க வந்தனீங்களோ?”

“இல்லை ஐயா, உங்கட வயலைப் படமாக் கீறலாமோ எண்டு கேக்க வந்தனான்.”

இவ்வளவு போதும். அதற்குப் பிறகு பெரும்பாலும் தேத்தண்ணி வந்து சேரும். கடற்படை, இராணுவ, விமானப்படை முகாம்கள் தெரியும் பக்கம் மட்டும் பலகையை நிமிர்த்த வேண்டாம்; இந்த மாவட்டத்தில் அதற்கு வேறு இடங்கள் ஏராளம்.

அந்த ஒரு மணிநேரம்

இடத்துக்குப் போனதும் பலகையும், நிறம் கலக்கும் தட்டான பலெட்டும் இரண்டுமே நிழலில் இருக்கும்படி பாருங்கள். நேர் வெயிலில் வைத்து வரைந்த படம் அங்கே பளிச்சென்று தெரியும், வீட்டுக்குள் கொண்டுவந்தால் இருண்டு கிடக்கும். சிவப்பு, மஞ்சள் சேர்ட் போட வேண்டாம், அதன் நிறம் ஈரப் பலகையில் பட்டு ஏமாற்றும்.

ஒரு மட்டையில் 3×4 அங்குல ஓட்டை வெட்டி அதனூடாகப் பாருங்கள். 6×8 பலகையின் அதே விகிதம். எது உள்ளே, எது வெளியே என்பதை ஐந்து நிமிடத்தில் முடிவு செய்யுங்கள். வானமா நிலமா, எது பெரிது என்று தீர்மானியுங்கள். இரண்டும் சரிபாதியாக இருந்தால் படம் உறங்கிவிடும்.

பிறகு பேர்ன்ட் சியன்னாவை டர்பன்டைனில் நீர்த்து, மெல்லிய பிரஷால் நாலைந்து கோடு மட்டும்: வரம்பு போகும் திசை, மரக்கூட்டத்தின் மேல்விளிம்பு, தொடுவானம். உடனே நிழல்களைப் போட்டுவிடுங்கள். நிழல்தான் முதலில் ஓடிப்போகும் ஆள். பத்தாவது நிமிடத்தில் நீங்கள் எங்கே போட்டீர்களோ அதுவே கடைசிவரை நிழல். சூரியனோடு சேர்ந்து அதைத் திருத்திக்கொண்டே போகாதீர்கள்.

அடுத்து இருண்ட பகுதிகள், பிறகு நடுத்தர நிறங்கள், வானம், கடைசியாக வெளிச்சம். இருட்டை மெல்லியதாகவும் வெளிச்சத்தைத் தடிப்பாகவும் வையுங்கள். கொக்கு, மனிதர், எருமை எல்லாம் கடைசிப் பத்து நிமிடத்தில். கொக்குக்கு வெள்ளை ரியூப்பை அப்படியே வைக்காதீர்கள். காலை வெயில் படும் பக்கத்துக்கு வெள்ளையோடு ஒரு துளி ஓக்கர், நிழல் பக்கத்துக்கு வெள்ளையோடு துளி அல்ட்ராமரினும் துளி அலிசரினும். இரண்டே இழுப்பு, மூன்றாவது இழுப்பில் அது வாத்தாகிவிடும். எருமை கறுப்பு என்று நினைப்போம், ஆனால் மடுவிலிருந்து ஏறிய எருமையின் ஈர முதுகில் இருப்பது வானத்து நீலம், வயிற்றடியில் மண்ணின் செம்மை. அதைக் கவனித்து வைத்தால் அந்தச் சின்ன உருவம் உடனே எருமையாகத் தெரியும்.

ஏழரைக்கு நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சம் என்று இழுத்தால் நல்லதாக இருந்த பகுதியும் கலங்கிச் சேறாகும்.

பச்சை

புதியவர்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். வயல் பச்சை என்று மனம் சொல்லும், கை பச்சை ரியூப்பைத் தேடும், படம் பிளாஸ்ரிக் புல் விரித்ததுபோல் ஆகும். உண்மையில் ஒரு வயலுக்குள் நாலைந்து பச்சை இருக்கிறது. சூரியன் எதிரே இருக்கும்போது இளம் பயிரினூடாக வெளிச்சம் ஊடுருவி ஏறக்குறைய மஞ்சளாகத் தெரியும். அதே பயிர், சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருந்தால் வானத்தைப் பிரதிபலித்து நீலம் சேர்ந்து குளிர்ந்துவிடும். ஒரே வயலில் நின்று திரும்பிப் பார்த்தாலே இரண்டும் தெரியும்.

அதனால் வரையத் தொடங்குமுன் பலெட் கத்தியால் மூன்று பச்சையைப் போதிய அளவு கலந்து வையுங்கள். கிட்டத்து வயலுக்கு லெமன் யெலோ அதிகம், அல்ட்ராமரின் கொஞ்சம், பேர்ன்ட் சியன்னா துளி. அந்தச் சியன்னா இல்லாவிட்டால் பச்சை கத்தும். நடுத்தூரத்து மரங்களுக்கு யெலோ ஓக்கரும் அல்ட்ராமரினும், கொஞ்சம் வெள்ளை. தூரத்துக் காட்டுக்கு அல்ட்ராமரின், வெள்ளை, துளி அலிசரின். இதில் மஞ்சளே இல்லை, ஆனாலும் படத்தில் பச்சைக் காடாகவே தெரியும். தென்னையும் பனையும் ஒரே பச்சை அல்ல. தென்னோலை மஞ்சள் பக்கம் சாயும், பனையோலை சாம்பல் கலந்த நீலப் பக்கம் சாயும். பனைக்கு ஓக்கரைக் குறைத்து வெள்ளையைக் கூட்டுங்கள்.

கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைப்பது நல்லதுதான், வரம்பு எங்கே வளைந்தது என்று பார்க்க உதவும். நிறத்துக்கு அதை நம்ப வேண்டாம். அது வானத்தை வெளுக்க வைக்கும், இல்லாவிட்டால் நிழலைக் கறுப்பாக்கும். கொப்பியில் எழுதி வையுங்கள்: ‘வானத்தடி வெளிறிய மஞ்சள், வரம்பு சாம்பல் கலந்த சிவப்பு, மரநிழல் ஊதா.’ இரவு வீட்டில் திருத்தும்போது இந்த ஒரு வரி புகைப்படத்தைவிட உதவும்.

வீடு திரும்பியதும்

ஈரப் படத்தைக் கொண்டுவர ஒரு வழி: இன்னொரு வெற்றுப் பலகையை எடுத்து, நாலு மூலையிலும் தீக்குச்சித் துண்டு வைத்து, முகத்தோடு முகம் பார்க்க வைத்து இறப்பர் பட்டியால் கட்டிவிடுங்கள். மோட்டார் சைக்கிளில் வந்தாலும் கெடாது. மூலையில் படும் சின்ன அடையாளத்தை வீட்டில் தடவி மறைக்கலாம்.

பெயின்ட் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். லின்சீட் ஒயில் இறுகும்போது சூடு பிறக்கும். கசக்கிப் போட்ட துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறி ஏறித் தானாகவே தீப்பிடிக்கும். நம் ஊர் வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, இதை விளையாட்டாக எடுக்கவே கூடாது. துணியை வெளியே தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் உள்ள மூடி போட்ட டின்னில் போடுங்கள்.

பலெட்டில் மிஞ்சிய பெயின்ட்டை இறுக்கமாக மூடும் பெட்டியில் வைத்து, கராம்பு எண்ணெய் ஒரு துளி விட்ட பஞ்சையும் உள்ளே வைத்தால் பல நாள் இளக்கமாக இருக்கும். அடுத்த முறை ரியூப் திறக்கும் நேரமும் மிச்சம், காசும் மிச்சம்.

மழைக்காலம்

ஐப்பசி தொடங்கித் தை வரை பல சனிக்கிழமைகள் மழையில் போகும். நாளை விட்டுவிடாதீர்கள், அதே நேரத்தில் விறாந்தையில் இருங்கள். கொப்பியில் உள்ள கீறலையும் நிறக் குறிப்பையும் வைத்து வரையலாம், அல்லது முற்றத்து வாழையையும் ஒழுகும் கூரையோரத்தையும் வரையலாம். மழை வானத்துச் சாம்பல் நிறங்கள் வெயில் நாளில் கிடைக்காதவை. இரவில் வரைவதென்றால் மஞ்சள் பல்பைக் கழற்றிவிட்டு வெள்ளை வெளிச்சம் தரும் எல்ஈடி பல்பைப் போடுங்கள். மஞ்சள் வெளிச்சத்தில் லெமன் யெலோவும் வெள்ளையும் ஒன்றாகத் தெரியும்.

இந்த மாதங்களில் படங்கள் காயவும் தாமதமாகும். பேர்ன்ட் சியன்னா போன்ற மண் நிறங்கள் மெல்லிதாக இருந்தால் சில நாளில் தொடும் பதத்துக்கு வந்துவிடும், வெள்ளையும் அலிசரினும் ஒரு கிழமைக்கு மேலும் எடுக்கும். காய்ந்த பிறகு மேலே திருத்துவதென்றால், மேல்பூச்சில் எண்ணெய் அடிப்பூச்சைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். மாறிப்போனால் மேலே வெடிக்கும்.

பின்பக்கத்தில் இடம், திகதி, நேரம், காற்று எழுதி, சுவரில் இடைவெளி விட்டு அடுக்குங்கள். சுவரோடு ஒட்டி வைத்தால் மாரியில் பூஞ்சணம் பிடிக்கும். வார்னிஷ் பூச ஆறு மாதம் பொறுங்கள். அதுவரை அலுமாரிக்குள் பூட்டி வைக்க வேண்டாம், இருட்டில் லின்சீட் ஒயில் மஞ்சளாகும். அப்படி மஞ்சளடித்த படத்தைச் சில கிழமை யன்னலோரம், நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வைத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.